ஜன்னலோரத்து ஆறு பாட்டில்கள்

அந்தக் கல்லூரியின் வேதியியல் லேபில் இருபத்தாறு வருஷமாக அட்டெண்டராக இருந்த மனிதருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் மூக்கண்ணன். மூக்கு பெரிதாக இருந்ததால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண மூக்குதான், சொல்லப்போனால் கொஞ்சம் சப்பை. ஆனால் அது பார்த்த வேலை சாதாரண வேலை இல்லை. லேபிள் உரிந்துபோன பாட்டிலை நீட்டினால், மூடியைத் திறந்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கையால் லேசாக விசிறிப் பார்த்துவிட்டு, "அசிட்டோன். பழசு. தண்ணி கலந்திருக்கு" என்பார். பேராசிரியர்கள் நம்பாமல் சோதித்துப் பார்ப்பார்கள். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள்.

மூக்கில் இருந்த சாமர்த்தியத்தில் கால்வாசிகூட நெஞ்சில் இல்லை. மனிதர் சரியான பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், கைப்பிடி இல்லாத மாடிப்படிக்குப் பயம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம். மேலதிகாரி யாராவது "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால் போதும், போய்ச் சேருவதற்குள் தான் செய்யாத தப்புகளையெல்லாம் நினைத்துப் பார்த்து வியர்த்துவிடுவார். வீட்டுக்காரி ஒரு தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவள், வாயும் மனசும் திறந்தே இருக்கிறவள். "உங்களை உங்க அம்மா பெத்தாங்களா, இல்ல நடுங்கி நடுங்கி உதிர்த்தாங்களா?" என்று கேட்பாள். அவரும் சிரித்துக்கொள்வார். அவள் சொல்வது நிஜம் என்று அவருக்கே தெரியும்.

அவருடைய பயங்களில் ஒன்றுக்கு மட்டும் நியாயம் இருந்தது. வெளிச்சத்துக்கு அவர் பயந்தார்.

வெளிச்சம் என்றால் ஏதோ கண்ணுக்கு உதவும் சாது என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்வரை அவரும் அப்படித்தான் நினைத்தார். அன்றைக்கு மேஜையில் சில்வர் நைட்ரேட் கொஞ்சம் சிந்தியிருந்தது. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. துணி தேடச் சோம்பல்பட்டு கையாலேயே வழித்துவிட்டார். மதிய வெயிலில் வீட்டுக்கு நடந்தபோது விரல்கள் பழுப்பேறின. வீட்டு வாசலுக்கு வரும்போது கரியில் முக்கியெடுத்த மாதிரி இருந்தன. சோப்பு போட்டார், சாம்பல் போட்டார், செங்கல் துண்டை வைத்துத் தேய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. விரல் அழுகி விழுந்துவிடும் என்று முடிவுகட்டி அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் ஒரு பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். வெயில் அந்த உப்பை உடைத்து, அதிலிருந்த வெள்ளியைப் பொடியாக்கித் தோலில் படியவைத்துவிட்டதாம். தோல் உரிந்து புதுத்தோல் வர இரண்டு வாரம் ஆயிற்று.

வேறு ஆளாக இருந்தால் அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிச் சொல்லித் திரிந்திருப்பான். இவருக்கு அது மனசில் அப்படியே தங்கிவிட்டது. மூடியிருக்கிற பாட்டிலுக்குள், யாரும் தொடாமல், சத்தமில்லாமல் ஒன்று புகுந்து உள்ளே இருப்பதை உடைத்துப் போடுகிறது என்றால் அதை எப்படி நம்புவது? அன்றிலிருந்து வெளிச்சம் ஆகாத மருந்துகளையெல்லாம் பழுப்பு பாட்டிலில் ஊற்றி, மர அலமாரியில் வைத்துப் பூட்டினார். அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு எச்சரிக்கைத் தாளும் ஒட்டினார். அதில் குளோரோஃபார்ம் பற்றி இருந்த வரிகள் அவருக்கு மனப்பாடம். காற்றும் வெளிச்சமும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உடையும். உடைந்தால் அமிலமும் ஃபாஸ்ஜீன் என்ற வாயுவும் உண்டாகும். ஒரு காலத்துப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கொன்ற வாயு அது. சுவாசித்தவருக்கு முதலில் லேசாகத் தொண்டை கரகரக்கும், பிறகு சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதுவரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். நடந்தால் கெடுதல், ஓடினால் உயிருக்கே ஆபத்து. அந்த "சரியாகிவிட்ட மாதிரி இருக்கும்" என்ற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுத்தார். பத்தாம் நாள் எழுந்து அடுப்பில் பால் வைத்தார். பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடெல்லாம் புகை மண்டியது. அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து ஓடிவந்த வீட்டுக்காரி, "கண்ணு போச்சா? மூக்கு என்ன செய்யுது, தூங்குதா?" என்று கத்திக்கொண்டே அடுப்பை அணைத்தாள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. சோப்பை மோந்து பார்த்தார், மண்ணெண்ணெயை மோந்து பார்த்தார், பூண்டை நசுக்கி மூக்கிலேயே வைத்துப் பார்த்தார். சுவரை மோந்து பார்ப்பதும் அதுவும் ஒன்றாகத்தான் இருந்தது.

"காலேஜ்ல சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? என்னை எடுத்துட்டு வேற ஆளப் போடுவாங்க."

"மூக்குக்கா சம்பளம் குடுக்குறாங்க? பாட்டில் கழுவத்தானே குடுக்குறாங்க."

"என் பேரே மூக்கண்ணன்டி" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வித்தை கண்டுபிடித்தார். யாராவது பாட்டிலை நீட்டினால் அதைப் பக்கத்திலிருக்கும் மாணவனிடம் கொடுத்து, "நீ சொல்லு பார்ப்போம். எத்தனை நாளைக்கு என்னையே கேப்பீங்க?" என்பார். அவன் மோந்து பார்த்து, இனிப்பா இருக்கு, நெயில் பாலிஷ் மாதிரி இருக்கு என்று ஏதாவது சொல்வான். "அப்போ என்னன்னு யோசி" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, அந்த அடையாளத்தை வைத்தே விடையையும் சொல்லிவிடுவார். மூக்கண்ணன் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பெயர்கூட வந்தது. யாரும் இல்லாத நேரத்தில் மட்டும் பாட்டில் வாயிலேயே மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்ப்பார். என்றைக்காவது ஒரு நாள் எட்டிப் பார்க்காதா என்று ஒரு நப்பாசை. ஒரு முழம் தள்ளிப் பிடித்து விசிறும் பழைய ஒழுங்கெல்லாம் போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் அந்த ஆறு பாட்டில்கள் வந்தன.

உபயோகித்த குளோரோஃபார்மை அந்த லேபில் கொட்டமாட்டார்கள். வருஷக் கடைசியில் அவர்தான் அதைத் தண்ணீரில் கழுவி, காய்ச்சி வடித்து மறுபடி எடுப்பார். கடையிலிருந்து வரும்போது அது சீக்கிரம் உடைந்துவிடாமலிருக்க அதில் துளி ஆல்கஹால் கலந்திருக்கும். கழுவினால் அது போய்விடும். திரும்பச் சேர்க்க வேண்டும். அந்த வருஷம் ஆல்கஹால் தீர்ந்திருந்தது. வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். பழுப்பு பாட்டில்களும் ஒரு பலகை சரிந்ததில் மொத்தமாக உடைந்திருந்தன. சரி என்று ஆறு வெள்ளைக் கண்ணாடி பாட்டில்களில் பாதிப் பாதி ஊற்றி, ஒவ்வொன்றையும் கறுப்புத் தாளில் சுற்றி அலமாரியில் வைத்தார். அதுவரை எல்லாம் சரிதான்.

அப்போது புதிதாக ஒரு துறைத் தலைவர் அம்மா வந்திருந்தார். எதையும் எடுத்த இடத்தில் வைக்கிற, நேராக வைக்கிற, துடைத்து வைக்கிற அம்மா. ஆய்வுக் குழு வருகிறது என்று லேபைச் சுற்றிப் பார்த்தவர் அலமாரி முன்னால் நின்றார்.

"இதென்ன பொட்டலம் கட்டி வெச்சிருக்கீங்க? உள்ள என்ன இருக்குன்னு தெரிய வேணாமா? பேப்பரை உரிச்சு, லேபிள் ஒட்டி, அந்த ஜன்னல் பக்கத்து ஷெல்ஃப்ல வரிசையா வைங்க. நாளைக்கு ஒரு நாள்தானே."

"மேடம், அதுக்கு வெளிச்சம் ஆகாது" என்ற வாக்கியம் அவர் தொண்டைவரை வந்தது. அந்த அம்மாவின் புருவம் லேசாக ஏறியதைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிவிட்டது.

"சரி மேடம்" என்றார்.

மறுநாள் ஆய்வுக் குழு வரவில்லை; தள்ளிவைத்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் விடுமுறை விட்டார்கள். லேபைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் கொடுக்கிற அவசரத்தில் மனிதர் பாட்டில்களை மறந்துபோனார். ஐந்தாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஆபீஸ் சூப்பரின்டெண்டுக்குப் போன் செய்து, சாவி வாங்கி, திறந்து எடுத்து உள்ளே வைத்திருந்தால் கால் மணி நேர வேலை. சூப்பரின்டெண்டு எரிந்து விழுவார். ஏன் வெளியே வைத்தாய் என்று கேட்பார். திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த கவளத்தை எடுத்தார். இந்த இடத்தில் அவரை உலுக்க வேண்டும்போல் இருக்கிறது, என்ன செய்வது?

பத்து வாரம் அந்த மேற்குப் பார்த்த ஜன்னலில் தினமும் வெயில் இறங்கியது.

கல்லூரி திறந்ததும் முதல் வேலையாக அவர் போய்ப் பார்த்தது அந்தப் பாட்டில்களைத்தான். பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தன. கறுக்கவில்லை, கலங்கவில்லை. சில்வர் நைட்ரேட்டாக இருந்தால் தன் குற்றத்தைத் தானே காட்டிக் கொடுத்திருக்கும். இது அப்படி இல்லை. உடைந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாத ஜாதி. பழைய மூக்காக இருந்தால் கதவைத் திறக்கும்போதே பிடித்திருக்கும். அவர் ஆறையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மூக்கை வைத்து, நிதானமாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தொண்டையில் மட்டும் லேசாக ஏதோ உறுத்தியது. விடுமுறைத் தூசி என்று நினைத்துக்கொண்டார். மேஜை டிராயரில் லிட்மஸ் தாள் இருந்தது. அமிலம் இருந்தால் நீலத் தாள் சிவக்கும், அரை நிமிஷ வேலை. ஆனால் எதிர் மேஜையில் ஒரு பேராசிரியர் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். மூக்கண்ணனுக்கு எதற்கு லிட்மஸ் என்று அவர் கேட்டுவிட்டால்? டிராயரைத் திறக்காமலே விட்டார்.

அன்றைக்கு இரண்டு மணி வகுப்புக்குத் தேயிலையிலிருந்து காஃபின் பிரிக்கிற செய்முறை. அதற்குக் குளோரோஃபார்ம் வேண்டும். மாணவிகளில் ஒருத்திக்கு ஓட்டக்காரி என்று பட்டப்பெயர். அன்று மத்தியானமே நகர மைதானத்தில் அவளுக்கு எண்ணூறு மீட்டர் போட்டி. வகுப்புவரை இருக்க முடியாது, முன்னாலேயே செய்துவிட்டுப் போகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு சாப்பாட்டு இடைவேளையில் தனியாக வந்தாள். அவர் முதல் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

ஊற்றப் போனவள் நிறுத்தினாள்.

"அண்ணா, போன வருஷம் இது இனிப்பா வாசனை அடிச்சுதே. இப்போ என்னமோ ஈர வைக்கோல் மாதிரி இருக்கு. இப்படித்தான் இருக்குமா?"

அவள் பாட்டிலை அவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். நிமிர்ந்தார். இருபத்தாறு வருஷமாக எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னாரோ அந்த முகத்தை வைத்துக்கொண்டார்.

"இப்படித்தான் இருக்கும்மா. வடிச்செடுத்தது இல்லையா, அப்படித்தான் இருக்கும்."

மூக்கண்ணன் சொன்னால் அப்பீல் ஏது? அவள் ஊற்றினாள், குலுக்கினாள், குடுவைக்குள் சேர்ந்த காற்றைத் திறந்து வெளியே விட்டாள், மறுபடி குலுக்கினாள். இரண்டு தடவை இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, "தொண்டை கரகரன்னு இருக்கு, தண்ணி குடிச்சா போயிடும். எனக்காக வேண்டிக்கோங்க அண்ணா" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

லேப் காலியானது. ஈர வைக்கோல் என்ற வார்த்தை மட்டும் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தார். எச்சரிக்கைத் தாளில், மனப்பாடமாகத் தெரிந்த வரிகளுக்குக் கீழே, இத்தனை வருஷம் அவர் பெரிதாகக் கவனிக்காத ஒரு வரி இருந்தது. நல்ல மூக்கு இருக்கிறவனுக்கு அதைப் படிக்கத் தேவை ஏற்பட்டதில்லை. வாசனை: ஈரமான வைக்கோல் அல்லது புல் போல.

அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு டிராயரை இழுத்தார். நீல லிட்மஸை நனைத்து முதல் பாட்டிலின் வாயில் பிடித்தார். மூச்சு விடுவதற்குள் சிவந்தது. இரண்டாவது பாட்டிலிலும் சிவந்தது, மூன்றாவதிலும் சிவந்தது. ஆறையும் பார்த்து முடித்தபோது கையில் ஆறு சிவப்புத் துண்டுகள் இருந்தன. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். இரண்டரை மணிக்குப் போட்டி. அந்தப் பெண் மைதானம் போய்ச் சேர்ந்ததும் காலை உதறி உடம்பைச் சூடாக்க ஆரம்பித்துவிடுவாள். ஓடினால் உயிருக்கே ஆபத்து.

மூடிகளை இறுக்கினார். லேப் கதவைப் பூட்டினார். வெளியே காத்திருந்த மாணவர்களிடம் "இன்னிக்கு வகுப்பு கிடையாது, யாரும் உள்ள போகக் கூடாது" என்றார். அதைச் சொல்ல அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஒரு பாட்டிலையும் சிவந்த தாள்களையும் எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனார். கதவைத் தட்டாமல் அவர் அந்த அறைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

விஷயத்தைக் கேட்ட அந்த அம்மா முதலில் நம்பவில்லை. "லிட்மஸ் எதுக்கு வேணும்னாலும் சிவக்கும். உங்க கையில ஆசிட் பட்டிருக்கும். நீங்க மோந்து பார்த்தீங்கதானே? உங்களுக்குத் தெரியாத வாசனையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

தப்பிக்க அங்கே ஒரு வழி இருந்தது. ஆமாம் மேடம், வைக்கோல் வாசனை அடித்தது என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் அந்தப் பெண்ணிடம் ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி வரும். அதற்கு வேறொரு பொய் தயாரிக்க வேண்டும். பொய் தயாரிக்க நேரம் இல்லை. பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, சிவந்த தாள்களை அந்த அம்மா முன்னால் பரப்பினார்.

"சரி, இப்படிக் குடுங்க, நானே பார்க்கிறேன்" என்று அந்த அம்மா பாட்டில் மூடியில் கையை வைத்தார்.

மூக்கண்ணன் மேஜைக்கு மேலே எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் மேடம். எனக்கு மூக்கு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எந்த வாசனையும் தெரியாது. அந்தப் பொண்ணுதான் வாசனை மாறியிருக்குன்னு சொன்னா. நான்தான் சும்மா, தெரிஞ்ச மாதிரி, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன். இந்தப் பாட்டில் பத்து வாரம் வெயில்ல நின்னுருக்கு. பேப்பரை உரிச்சதும் நான்தான்."

பேப்பரை உரிக்கச் சொன்னது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. போனை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயிற்சியாளரின் எண் யாரிடமும் இல்லை. "நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்றேன், டிரைவரைத் தேடறேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூக்கண்ணன் வெளியே வந்துவிட்டார். வாட்ச்மேனின் சைக்கிள் கேட்டில் சாய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நகர மைதானம் மூன்று மைல். நடுவில் ஒரு மேம்பாலம். வாழ்க்கையில் பாலத்து ஓரமாகக்கூடச் சைக்கிள் விட்டிராத மனிதர் லாரிகளுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு போனார். மூச்சு வாங்கியது, வயசு என்று நினைத்துக்கொண்டார். அவள் விழுந்து கிடப்பதையும், அவள் அம்மா என்று யாரோ ஒருத்தி தலையில் அடித்துக்கொள்வதையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்தத் தாயை அவர் நேரில் கண்டதில்லை. அப்படியும் அந்த முகம் தெளிவாகத் தெரிந்தது.

மைதானத்துக்குள் நுழைந்தபோது எட்டுப் பெண்கள் கோட்டில் நின்றிருந்தார்கள். ஓட்டக்காரிக்கு உள்விளிம்பை ஒட்டிய முதல் தடம். அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு, கயிற்றைத் தாண்டி, ஓடுபாதைக்கே போய்விட்டார். நடுவர் விசில் ஊதினார். யாரோ "யோவ், பெரியவரே" என்று கத்தினார்கள்.

"ஓடாதம்மா" என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

"அண்ணா? என்ன அண்ணா இங்க?"

"அந்தக் குளோரோஃபார்ம் கெட்டுப்போனது. விஷ வாயு. நீ ஓடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. தொண்டை அப்பவே சரியாயிடுச்சு. நல்லாத்தான் இருக்கேன்." குதித்துக் காட்டினாள்.

"நல்லா இருக்கற மாதிரிதான்மா இருக்கும்" என்றார் அவர்.

பயிற்சியாளர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார். நாலு மாசப் பயிற்சி, மாநிலத் தேர்வு, பைத்தியமா உனக்கு என்று என்னென்னவோ சொன்னார். அந்தப் பெண்ணும் பொறுமையிழந்து, "போங்கண்ணா, முடிச்சுட்டு வந்து பேசறேன்" என்றாள். மூக்கண்ணனுக்கு இனிமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளுடைய தடத்தில் குறுக்காக அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். பார்வையாளர் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நாலு பேர் சேர்ந்து தூக்கப் பார்த்தார்கள். அவர் பாதையின் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே துறைத் தலைவர் அம்மாவின் கார் வந்து சேர்ந்தது. அவர் இறங்கி வந்து நடுவரிடம் இரண்டு வார்த்தை பேசினார். சிரிப்பு நின்றது. ஓட்டக்காரியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். தன் இடம் காலியாக, மற்ற ஏழு பேரும் ஓடுவதை அவள் படுத்தபடி பார்த்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டினார். "இப்போதைக்குச் சுத்தமா இருக்கு. ஆனா இப்போ இருக்கறது கணக்கில்ல. நாளைக்குக் காலை வரைக்கும் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது" என்றார். பிறகு, "வேற யாராவது இதை மோந்து பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாலயே பூட்டிட்டேன்" என்றார் மூக்கண்ணன். சொல்லும்போதே இருமினார். இருமல் நிற்கவில்லை.

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க?"

"நான் ஆறு பாட்டிலையும் பார்த்தேன். ஆனா எனக்குத்தான் மூக்கு கிடையாதே டாக்டர். எனக்கு ஒண்ணும் ஏறல."

"எப்படிப் பார்த்தீங்க?"

அவர் இரண்டு கையையும் குவித்து, மூக்கருகே கொண்டுபோய், வழக்கம்போல நெஞ்சு நிறைய இழுத்துக் காட்டினார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். டாக்டர் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "வாசனை தெரியலைன்னா காத்து உள்ள போகாதா? எப்படி இங்க வந்தீங்க?" என்று கேட்டார். சைக்கிளில் என்றார். டாக்டர் அவசரக் குரலில் நர்ஸைக் கூப்பிட்டார். இருபத்தாறு வருஷமாகப் படித்த வரிகள் இப்போது அவருக்குள்ளேயே வரிசையாக நடந்துகொண்டிருந்தன. அடுத்த வரி என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்காரி தையல் கூடத்திலிருந்து நூல் ஒட்டிய புடவையோடு வந்தபோது அவருக்கு ஆக்ஸிஜன் மாட்டியிருந்தார்கள். இருட்டுவதற்குள் உதடு நீலம் பூத்தது. மூச்சு ஒவ்வொன்றும் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. அவள் திட்டவில்லை. திட்டாமல் இருந்ததுதான் அவருக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். பிழைப்பாரா என்று அவள் கேட்டதற்கு டாக்டர், "காலையில சொல்றேன்" என்றார்.

காலையில் உயிர் இருந்தது. இன்னும் இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார்கள். ஓட்டக்காரிக்கு எக்ஸ்ரேயில் ஓரத்தில் ஒரு சின்ன நிழல். மருந்திலேயே கரைந்துவிடும், ஒரு மாதம் ஓடக் கூடாது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவளுடைய அம்மா வந்திருந்தாள். மூக்கண்ணன் நினைத்துப் பார்த்த முகம் இல்லை. ஒல்லியாக, கண்ணாடி போட்ட முகம். நீங்கள் வந்து தடுக்காவிட்டால் என்று ஆரம்பித்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். முழு விஷயமும் அவளுக்கு யாரும் சொல்லவில்லைபோலும். அவர் முகமூடிக்குள் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.

பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அம்மா மருந்து வாங்கப் போனபிறகு அவள் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் குரலில் கோபம்கூட இல்லை. ஒரு கணக்கு எங்கே தப்பியது என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எனக்கு வாசனை தெரியலம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே மூடி வெச்சிருப்பேனே அண்ணா. ஏன் சொல்லல?"

அவர் முகமூடியை விலக்கப் பார்த்தார். நர்ஸ் வந்து கையை எடுத்துவிட்டு, பேசக் கூடாது என்றாள்.